கோழித் தீவனத்தில் சேர்க்கும் ‘எதிர்ப்புச் சக்தி’ பொருள்கள் உண்மையில் என்ன செய்கின்றன?

பண்ணையில் நான்கு கோழிகள் சோர்ந்து நின்றால் போதும், ‘எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது’ என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். எந்தப் பொடியைத் தீவனத்தில் கலக்கலாம், எந்த டானிக்கைத் தண்ணீரில் ஊற்றலாம் என்று உடனே தேடத் தொடங்குகிறோம். புரோபயாடிக், ஈஸ்ட், செலினியம், அமிலக் கலவை, மூலிகைச் சாறு, நச்சு பிடிப்பான் என எல்லாப் பொட்டலங்களும் ஒரே வாக்குறுதியைத் தருகின்றன. ஆனால் அவை செய்யும் வேலை ஒன்றல்ல. ஒன்று செய்வதை இன்னொன்று செய்யாது. பிரச்சினை ஓரிடத்திலும் வாங்கும் பொருள் வேறிடத்திலும் இருந்தால் பணமும் போகும், கோழியும் போகும்.

எதிர்ப்பாற்றல் என்பது ஊற்ற ஊற்ற ஏறும் பண்டம் என்ற எண்ணமே இந்தக் குழப்பத்துக்கு வேர். முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

## காய்ச்சல் சொல்லித்தரும் பாடம்

நமக்குக் காய்ச்சல் அடிக்கும்போது வாய் கசக்கிறது, சோறு இறங்கவில்லை, கை கால் வலிக்கிறது, படுத்தால் போதும் என்றிருக்கிறது. இந்தத் தொல்லைகள் எல்லாவற்றையும் கிருமியே நேரடியாகச் செய்வதில்லை. பெரும்பகுதி நம் உடலின் சொந்த ஏற்பாடு. கிருமியைக் கண்ட பாதுகாப்புச் செல்கள் சைட்டோகைன்கள் என்ற புரதங்களை ரத்தத்தில் விடுகின்றன. செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் புரதங்கள் இவை. அந்தச் செய்தி மூளைக்குப் போனதும் பசி அடங்குகிறது, உடல் சூடேறுகிறது. தசையில் இருக்கும் புரதம் கரைந்து, சண்டைக்குத் தேவையான புரதங்களைச் செய்வதற்காகக் கல்லீரலுக்குப் போகிறது.

கோழிக்கும் இதே கதைதான். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி, தீவனத் தட்டுப் பக்கமே போகாமல் ஒதுங்கி நிற்கும் கோழியின் உடலுக்குள் எதிர்ப்பாற்றல் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நாள்களில் அது வளர்வதில்லை. முட்டையும் குறையும். சாப்பிட்ட கொஞ்சமும் சண்டைக்கே செலவாகிறது.

அப்படியானால் எதிர்ப்பாற்றலை எப்போதும் உச்சத்தில் வைத்திருக்கும் ஒரு பொருள் கிடைத்தால் அதை நாம் வாங்கவே கூடாது. ஓயாமல் உள்காய்ச்சலோடு இருக்கும் கோழிக்குத் தீவனம் போட்டுக் கட்டுப்படியாகாது. நமக்கு வேண்டியது வேறு. கிருமி வந்ததும் பாதுகாப்பு சட்டென எழ வேண்டும். தேவையான அளவு சண்டையிட வேண்டும். வேலை முடிந்ததும் அடங்க வேண்டும். அடங்குவதும் எழுவதைப் போலவே முக்கியம்.

சுருக்கமாக: எதிர்ப்பாற்றல் தீவனத்தைத் தின்னும் வேலை. நல்ல சேர்க்கைப் பொருள் அந்த வேலைக்குத் தடையாக இருப்பதை நீக்கும், அல்லது குறையாக இருப்பதை நிரப்பும்.

## கோழியின் பாதுகாப்பு எங்கே இருக்கிறது?

கோழியின் எச்சத்துவாரத்துக்குச் சற்று மேலே, உட்புறமாக, ஒரு சிறிய பை இருக்கிறது. அதன் பெயர் பர்சா. நெடுங்காலம் அது எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற மாணவர், குஞ்சுகளிடமிருந்து அந்தப் பையை அறுத்து எடுத்து அதன் பயனை ஆராய்ந்துகொண்டிருந்தார். டிமோத்தி சாங் என்ற சக மாணவர் வகுப்பில் செய்முறை விளக்கம் காட்ட அந்தக் கோழிகளை வாங்கிச் சென்று, சால்மொனெல்லா கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளை அவற்றில் உருவாக்க முயன்றார். பை இல்லாத கோழிகளில் எதிர்ப்பொருள் உருவாகவில்லை. எதிர்ப்பொருள் என்பது குறிப்பிட்ட ஒரு கிருமியை மட்டும் அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் புரதம். அதைச் செய்யும் செல்கள் பர்சாவில்தான் பக்குவப்படுகின்றன என்பது இப்படித் தெரியவந்தது. 1956-ல் அந்த முடிவு ஒரு கோழி அறிவியல் இதழில் வெளியானது. மனித மருத்துவத்தின் ஓர் அடிப்படை உண்மைக்குக் கோழி வழிகாட்டியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

கழுத்தின் இருபுறமும் மாலை போலத் தொடரும் தைமஸ் சுரப்பியில் வேறு வகைச் செல்கள் பக்குவப்படுகின்றன. கிருமி புகுந்த செல்லைக் கண்டுபிடித்து அழிப்பவையும், மற்றச் செல்களை ஏவுபவையும் அவற்றில் உண்டு. பர்சா, தைமஸ் இரண்டும் இளம் வயதில் பெரிதாக இருந்து, கோழி முதிர்ந்ததும் சுருங்கிவிடும். ஆகவே முதல் சில வாரங்களில் இவற்றுக்கு நேரும் சேதத்தைப் பின்னால் ஈடுகட்டுவது கடினம்.

குஞ்சு பொரிந்து வரும்போது தாய்க்கோழி மஞ்சள் கரு வழியாகக் கொடுத்த எதிர்ப்பொருள் அதன் ரத்தத்தில் இருக்கும். அந்தச் சீதனம் இரண்டு மூன்று வாரங்களில் கரைந்துபோகும். குஞ்சின் சொந்தப் பாதுகாப்போ அப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலான சேர்க்கைப் பொருள்கள் பயன் தரும் காலம் என்றால் அது இந்த இடைவெளிதான்.

## எல்லாம் குடற்சுவரில் தொடங்குகிறது

கோழி தின்னும் ஒவ்வொரு மணியோடும் கிருமிகள் குடலுக்குள் போகின்றன. குடலின் உட்புறத்தை ரத்தத்திலிருந்து பிரிப்பது ஒரே ஒரு செல் கனமுள்ள படலம். இந்தப் படலத்தைக் குடற்சுவர் என்றே இனி சொல்கிறேன். சத்தை உள்ளே விட வேண்டும், கிருமியை வெளியே நிறுத்த வேண்டும். எதிரெதிரான இரண்டு வேலைகளையும் அந்த ஒற்றைப் படலமே பார்க்கிறது. அதன் மேல் வழுவழுப்பான சளிப்பூச்சு இருக்கிறது. செல்களுக்கு நடுவே இறுக்கமான புரதத் தையல்கள் இருக்கின்றன. சுவருக்கு உட்புறத்தில் பாதுகாப்புச் செல்கள் பெருங்கூட்டமாகக் காத்திருக்கின்றன. கோழி உடலில் மிக அதிகமான பாதுகாப்புத் திசு உள்ள இடங்களில் குடலும் ஒன்று.

தையல் தளர்ந்தால் கிருமியும் அதன் நச்சுத் துணுக்குகளும் கசிகின்றன. காத்திருக்கும் செல்கள் உடனே சண்டையைத் தொடங்குகின்றன. கசிவு நிற்காவிட்டால் சண்டையும் நிற்காது. வெளியே பார்த்தால் கோழிக்கு நோய் எதுவும் தெரியாது. தீவனம் மட்டும் செலவாகிக்கொண்டே இருக்கும், எடை ஏறாது, எச்சம் நீர்த்துப்போய்க் கூளம் ஈரமாகும். ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஐமீரியா ஒட்டுண்ணி குடற்சுவர்ச் செல்களைத் துளைத்துப் பெருகும்போது நடப்பது இதன் கொடிய வடிவம். அப்படிப் புண்ணான இடத்தில்தான் கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா பெருகிக் குடல் அழுகலைக் கொண்டுவருகிறது.

‘எதிர்ப்புச் சக்திக்கு’ என்று விற்கும் பொருள்களில் பல பாதுகாப்புச் செல்களைத் தொடுவதே இல்லை. அவை இந்தச் சுவரைக் காக்கின்றன. அது குறையில்லை. சுவர் நன்றாக இருந்தால் சண்டைக்கே தேவை குறைகிறது.

## இடம் பிடிக்கும் நுண்ணுயிர்கள்

1970-களின் தொடக்கத்தில் பின்லாந்தின் கறிக்கோழிகளில் சால்மொனெல்லா பரவியது. நூர்மி, ரன்டாலா என்ற இரு ஆய்வாளர்கள் ஆரோக்கியமான வளர்ந்த கோழியின் குடலில் இருந்ததை எடுத்து, அன்று பொரித்த குஞ்சுகளுக்குப் புகட்டினார்கள். பிறகு அவற்றுக்குச் சால்மொனெல்லாவைக் கொடுத்தபோது அந்தக் கிருமியால் குஞ்சுகளின் குடலில் எளிதாகக் குடியேற முடியவில்லை. 1973-ல் இது வெளியானது.

காரணம் எளிது. நெருக்கமாகப் பயிர் எழுந்த வயலில் களைக்கு இடமும் வெயிலும் கிடைக்காது. குடலிலும் அப்படித்தான். ஒட்டிக்கொள்ளும் இடங்களையும் சத்தையும் முன்பே வந்தவை எடுத்துக்கொள்கின்றன. அதோடு லாக்டிக் அமிலம் போன்றவற்றைச் சுரந்து, பின்னால் வரும் கிருமிக்குச் சூழலைக் கெடுக்கின்றன. இயற்கையில் குஞ்சுக்கு இந்த முதல் நுண்ணுயிர்கள் தாய்க்கோழியிடமிருந்து கிடைக்கும். சுத்தம் செய்த முட்டையிலிருந்து பொரிப்பகத்தில் வெளிவரும் குஞ்சு தாயைப் பார்ப்பதே இல்லை. அதன் குடல் ஏறக்குறைய காலி நிலம்.

இந்த வெற்றிடத்தை நிரப்பக் கொடுப்பதுதான் புரோபயாடிக். போதுமான அளவில் கொடுத்தால் உடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர் என்பது அதன் பொருள். இதில் ‘உயிருள்ள’ என்பதை அடிக்கோடிட வேண்டும். குருணைத் தீவனம் செய்யும்போது நீராவியில் வெப்பநிலை 80 டிகிரி செல்சியஸ் வரையோ அதற்கு மேலோ போகும். லாக்டோபேசில்லஸ் போன்றவை அதில் பெரும்பாலும் செத்துவிடும். பேசில்லஸ் வகைகள் விதை போன்ற கடினமான உறைக்குள் அடங்கி அந்த வெப்பத்தைத் தாங்கும். குருணைத் தீவனத்துக்கான பொட்டலங்களில் பேசில்லஸ் அதிகம் தென்படுவது இதனால்தான். குளோரின் கலந்த குடிநீரில் புரோபயாடிக்கைக் கரைப்பதும், ஆன்டிபயாடிக் கொடுக்கும் அதே நாளில் கொடுப்பதும் அதைக் கொன்றுவிடும் வழிகள். முதல் வாரத்தில் கொடுத்தால் கிடைக்கும் பலன் ஐந்தாவது வாரத்தில் தொடங்கினால் கிடைக்காது. ஏற்கெனவே குடியேறிய கூட்டத்தை வெளியேற்றுவது கடினம்.

பிரீபயாடிக் என்பது உயிரல்ல. கோழியால் செரிக்க முடியாத, குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் மட்டும் தின்று பெருகக்கூடிய சர்க்கரைச் சங்கிலி. ஈஸ்டின் செல் சுவரிலிருந்து எடுக்கும் மன்னான் சர்க்கரையையும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அதன் முக்கிய வேலை வேறு. ஈ.கோலை, சால்மொனெல்லா வகைகள் பலவற்றுக்கு உடலில் மயிர் போன்ற நுண்ணிய கொக்கிகள் உண்டு. அந்தக் கொக்கியால் குடற்சுவரிலுள்ள மன்னோஸ் சர்க்கரையைப் பிடித்துத்தான் அவை ஒட்டிக்கொள்கின்றன. குடலுக்குள் மன்னான் மிதந்தால் கொக்கி அதில் மாட்டிக்கொள்ளும், கிருமி எச்சத்தோடு வெளியேறும். இந்தக் கொக்கி இல்லாத கிருமிகளிடம் இது பலிக்காது.

இதுவரை பார்த்தவை கிருமி குடலில் ஒட்டும் முன்பே தடுப்பவை. அடுத்து வருபவை குடலைத் தாண்டி உடலுக்குள் வேலை செய்யும் சத்துகள்.

## மூலப்பொருள் தட்டுப்பாடு

பாதுகாப்புச் செல்கள் கிருமியை விழுங்கியபின் அதைக் கொல்ல வேதிவினை மிகுந்த ஆக்ஸிஜன் மூலக்கூறுகளைச் சுரக்கின்றன. அவை கிருமியோடு நிற்காமல் அந்தச் செல்லின் சொந்தச் சவ்வையும் அரிக்கும். வைட்டமின் இ அந்த அரிப்பைச் செல் சவ்விலேயே தடுத்து நிறுத்துகிறது. செலினியம் ஒரு நொதியின் பகுதியாக இருந்து அதே வேலையைச் செல்லுக்குள் செய்கிறது. அதனால்தான் இரண்டையும் எப்போதும் சேர்த்தே பேசுகிறார்கள். துத்தநாகம் குறைந்தால் தைமஸ் சுருங்கும். வைட்டமின் ஏ குறைந்தால் குடலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள சளிப்படலம் வறண்டு தடித்துவிடும்.

இங்கே ஒரு கோட்டை மனத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். குறை இருந்தால் நிரப்புவது பலன் தரும். நிறைந்தபின் மேலும் ஊற்றுவது பெரும்பாலும் பலன் தராது, சில சமயம் கேடு. செலினியம் இதற்குச் சரியான உதாரணம். தேவைக்கும் நச்சுக்கும் நடுவே உள்ள இடைவெளி அதில் குறுகலானது. அதனால்தான் ஒரு கிலோ தீவனத்தில் சேர்க்கக்கூடிய செலினியத்துக்கு அமெரிக்கா 0.3 மில்லிகிராம் என்றும், தீவனத்தில் மொத்தமாக இருக்கக்கூடிய அளவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 0.5 மில்லிகிராம் என்றும் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. தீவனத்தில் சேர்க்கும் வைட்டமின், தாது முன்கலவையில் ஏற்கெனவே செலினியம் இருக்கும்போது டானிக்கிலும் அதையே ஊற்றுவது ஆபத்தான பழக்கம்.

வைட்டமின் சி சற்று வேறு கதை. கோழி அதைத் தன் உடலிலேயே தயாரித்துக்கொள்ளும். சாதாரண நாளில் கொடுக்க வேண்டியதில்லை. கடும் வெப்பத்தில் தேவை கூடி, உற்பத்தி போதாமல் போகலாம். அப்போது கொடுப்பதில் நியாயம் இருக்கிறது.

## அமிலங்கள், ஈஸ்டின் பீட்டா குளுக்கான், மூலிகைகள்

பார்மிக், புரோபியோனிக் போன்ற கரிம அமிலங்கள் முழு மூலக்கூறாக இருக்கும்போது பாக்டீரியாவின் சுவரைத் தாண்டி உள்ளே நுழைகின்றன. உள்ளே போனதும் பிரிந்து அமிலத்தன்மையைக் கூட்டுகின்றன. அதை வெளியே தள்ளியே பாக்டீரியா களைத்துவிடும். லாக்டோபேசில்லஸ் அமிலத்தை ஓரளவு தாங்கும் என்பதால் தப்பித்துக்கொள்கிறது. பியூட்டிரிக் அமிலத்துக்குக் கூடுதலாக ஒரு சிறப்பு உண்டு. குடற்சுவர்ச் செல்களுக்கு அது எரிபொருள். பூச்சு இல்லாமல் கொடுத்தால் இரைப்பையைத் தாண்டும் முன்பே பெரும்பகுதி தீர்ந்துவிடும். பூச்சிட்ட வடிவத்தில் கொடுப்பதற்குக் காரணம் இதுதான்.

பட்டியலில் பாதுகாப்புச் செல்லை நேரடியாகத் தட்டி எழுப்புவது பீட்டா குளுக்கான். பூஞ்சைகளின் சுவரில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலி இது. பூஞ்சை வந்துவிட்டதோ என்று பெருவிழுங்கிச் செல்கள் விழித்துக்கொள்கின்றன. பெருவிழுங்கி என்பது கிருமியை விழுங்கிச் செரிக்கும் செல். நோய் தாக்கும் அபாயம் உள்ள நாள்களில் இந்த விழிப்பு நல்லது. ஆனால் காய்ச்சல் பற்றிச் சொன்னதை இங்கே நினைத்துப் பாருங்கள். விழிப்புக்கும் செலவு உண்டு. அதிக அளவில், நீண்ட நாள் கொடுப்பது தேவையற்றது.

ஓமவல்லி வகைகளின் எண்ணெயில் உள்ள கார்வக்ரால், தைமால், பட்டையின் மணப்பொருள், பூண்டு, மஞ்சள் ஆகியவை ஆய்வகத்தில் பாக்டீரியாவைத் தடுப்பது உண்மை. கோழிக்குள் அதே பலன் கிடைக்குமா என்பது செடியின் வகை, அறுவடைக் காலம், சாறு எடுத்த முறை, அளவு ஆகியவற்றைப் பொறுத்தது. முடிவுகள் பண்ணைக்குப் பண்ணை மாறுகின்றன. ‘இயற்கையானது’ என்பதை ஆதாரமாக நான் ஏற்க மாட்டேன்.

## எதிர்ப்பாற்றலை அமுக்குவதை அகற்றுவது

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. எந்தக் கிருமியும் சிக்காததால் அதை ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்றார்கள். கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நச்சே காரணம் என்று தெரிந்தது. அதுதான் அஃப்லாடாக்சின்.

பெரிய அளவில் அது கொல்லும். சிறிய அளவில் செய்வது கண்ணுக்குத் தெரியாது. கல்லீரலைக் கெடுத்து, புரத உற்பத்தியைக் குறைத்து, பர்சாவையும் தைமஸையும் சுருக்குகிறது. முறையாகத் தடுப்பூசி போட்ட பண்ணையில் வெள்ளைக்கழிச்சல் வந்தால் எல்லோரும் தடுப்பூசியைச் சந்தேகிக்கிறார்கள். ஈரம் கண்ட மக்காச்சோளத்தையும் பிண்ணாக்கையும் சந்தேகிப்பவர்கள் குறைவு. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். ஏனென்றால் இந்த இடத்தில் எதிர்ப்பாற்றலை ‘கூட்ட’ எதையும் சேர்க்கத் தேவையில்லை, நச்சை நிறுத்தினாலே போதும்.

நச்சு பிடிப்பான்கள் இதற்காகவே வந்தவை. பென்டோனைட் என்ற களிமண்ணின் மிக மெல்லிய அடுக்குகளுக்கு இடையே தட்டையான அஃப்லாடாக்சின் மூலக்கூறு சிக்கிக்கொள்கிறது, ரத்தத்தில் சேராமல் எச்சத்தோடு போய்விடுகிறது. ஆனால் டி-2 போன்ற வேறு பூஞ்சை நச்சுகளின் வடிவம் அப்படியில்லை. அவற்றை இந்தக் களிமண் சரியாகப் பிடிக்காது. சில மருந்துகளையும் களிமண் பிடித்துக்கொள்ளக்கூடும் என்பதால், ரத்தக்கழிச்சல் மருந்து கலந்த தீவனத்தில் சேர்க்கும் முன் கால்நடை மருத்துவரிடம் கேட்பது அவசியம். தானியத்தை நன்றாகக் காயவைத்துச் சேமிப்பதற்கு எந்தப் பிடிப்பானும் மாற்றாகாது.

## இவ்வளவு பொருள்கள் ஏன் வந்தன?

1940-களின் இறுதியில் ஆன்டிபயாடிக் தயாரிப்பின் எச்சத்தைத் தீவனத்தில் கலந்தபோது குஞ்சுகள் வேகமாக வளர்வதைக் கண்டார்கள். நோய் இல்லாத கோழிக்கும் தினமும் சிறிய அளவில் ஆன்டிபயாடிக் கொடுப்பது அதன்பின் உலகெங்கும் வழக்கமானது. அதன் விலை, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள். வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை 1986-ல் சுவீடன் தடை செய்தது. 2006 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் தடை வந்தது. அந்த இடத்தை நிரப்பத்தான் இன்று பார்க்கும் பெரும்பாலான சேர்க்கைப் பொருள்கள் வந்தன. எதுவும் தனியாக நின்று ஆன்டிபயாடிக்கின் இடத்தை முழுமையாக நிரப்பவில்லை. நோய் வந்தபின் குணமாக்குவதும் இவற்றின் வேலையல்ல.

## தீவனத்தால் சரிசெய்ய முடியாதவை

கம்போரோ நோயின் வைரஸ் பர்சாவையே தாக்கி அழிக்கிறது. எதிர்ப்பொருள் செய்யும் செல்கள் பக்குவப்படும் இடமே போனபின் எந்தப் பொடியும் அதைத் திருப்பித் தராது. அதற்குத் தடுப்பூசியும் பண்ணைச் சுத்தமும்தான் வழி. அதேபோல், ஈரக் கூளத்திலிருந்து எழும் அம்மோனியா மூச்சுக்குழாயின் நுண் இழைகளைச் சேதப்படுத்துகிறது. கொட்டகைக் காற்றில் அது 25 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்பது பரவலான வரம்பு. பி.பி.எம். என்றால் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. வெப்பமும் நெரிசலும் கார்டிகோஸ்டீரோன் என்ற ஹார்மோனைக் கூட்டுகின்றன. அது நீடித்தால் பர்சாவும் தைமஸும் சுருங்கும். காற்றோட்டம் இல்லாத கொட்டகையில் விலை உயர்ந்த புரோபயாடிக் கொடுப்பது கோழிக்குச் செய்யும் நியாயமல்ல.

## பொட்டலத்தை எப்படிச் சோதிப்பது?

விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது எந்த வேலையைச் செய்கிறது? சத்துக் குறையை நிரப்புகிறதா, குடற்சுவரைக் காக்கிறதா, கிருமிக்கு முன் இடம் பிடிக்கிறதா, செல்லை எழுப்புகிறதா, நச்சை அகற்றுகிறதா? எல்லாம் செய்யும் என்று பதில் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். புரோபயாடிக் என்றால் எந்த இனம், ஒரு கிராமில் உயிருள்ளவை எத்தனை, குருணை ஆலையின் வெப்பத்தைத் தாங்குமா என்று கேளுங்கள்.

பிறகு உங்கள் பண்ணையிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே நாளில், ஒரே பொரிப்பகத்திலிருந்து வந்த குஞ்சுகளை ஒரே கொட்டகையில் தடுப்பு வைத்து இரண்டாகப் பிரிக்க வேண்டும். தீவனம், தடுப்பூசி, இடப்பரப்பு எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். ஒரு பாதிக்கு மட்டும் அந்தப் பொருளைக் கொடுங்கள். போன தொகுதியோடு இந்தத் தொகுதியை ஒப்பிடுவது ஒப்பீடே அல்ல. அதற்குள் பருவம் மாறியிருக்கும், மக்காச்சோளம் மாறியிருக்கும், குஞ்சின் தாய்க்கோழியும் மாறியிருக்கும்.

சாவு எண்ணிக்கையையும், ஒரு கிலோ எடை ஏற எவ்வளவு தீவனம் செலவானது என்பதையும் இரு பக்கமும் வாரந்தோறும் குறித்து வையுங்கள். தடுப்பூசி போட்டு இரண்டு மூன்று வாரம் கழித்து இரு பக்கமும் சில கோழிகளின் ரத்தத்தை ஆய்வகத்துக்கு அனுப்பி எதிர்ப்பொருள் அளவைப் பார்க்கலாம். அங்கே சராசரியை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். எல்லாக் கோழிகளிலும் அளவு ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கிறதா என்பதைக் கேளுங்கள். சராசரி நன்றாக இருந்தும் பத்தில் மூன்று கோழிகளுக்கு எதிர்ப்பொருளே இல்லையென்றால் நோய் நுழைய அந்த மூன்று போதும். வெயில் காலத்தில் ஒரு தொகுதி, குளிர்காலத்தில் ஒரு தொகுதி என இரண்டு முறையாவது இப்படிப் பார்த்தபின் அந்தப் பொருளுக்குத் தொடர்ந்து பணம் செலவிடலாமா என்று முடிவு செய்யுங்கள்.